தொட்டிலுக்கு வராத பெயர்: குந்தவை

அறக்கட்டளை என்பது ஒருவர் பெயர் வழங்காமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. ஒரு தொகையை வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு காரியம் நடத்தி, அந்தக் காரியத்தோடு அந்தப் பெயரையும் சொல்லவைக்கிறோம். இது நமக்குப் புதிய பழக்கமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் தமக்கையார் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். அவற்றுள் மறைந்த தம் தந்தை சுந்தர சோழரின் படிமமும் ஒன்று. அவற்றின் வழிபாட்டுக்கும் விழாவுக்கும் அவர் கொடுத்த காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்றுக்கொண்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வட்டி எப்போதோ நின்றுபோயிற்று. கொடுத்தவரின் பெயர் மட்டும் கல்லில் அப்படியே இருக்கிறது. இன்றைய பேச்சு அந்தப் பெயரைப் பற்றியது. பெயருக்குரியவரின் வாழ்க்கையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் போகப்போவதில்லை.

குந்தவை என்ற பெயரைக் கேட்டறியாத தமிழர் இன்று குறைவு. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் பெயர் கண்ணில் படுவது அரிது. இவ்வளவு புகழும் இவ்வளவு அருமையும் ஒரே பெயரில் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் கேள்வி. ஓசை கரடுமுரடு என்பார்கள், பொருள் விளங்கவில்லை என்பார்கள், அரச குலத்துப் பெயர் என்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றும் காரணமாகா என்பது என் கருத்து. ஒரு பெயரைத் தலைமுறைதோறும் எடுத்துக் குழந்தைக்கு இடுவதற்கு ஒரு வழக்கம் வேண்டும். அந்த வழக்கம் இருக்கும் வரை பெயர் வாழும். வழக்கம் அறுந்தால், தாங்கியவர் எவ்வளவு பெரியவராயினும், பெயர் சுவரிலேயே தங்கிவிடும். குந்தவை என்ற பெயரை வாழவைத்த வழக்கம் எது, அது எங்கே அறுந்தது என்று பார்த்தால் இந்தப் பெயரின் வரலாறு பெரும்பாலும் தெளிவாகிவிடுகிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குந்தவை என்பது இயற்பெயரே அல்ல, அரசகுலத்துப் பெண்களுக்கு வழங்கிய பட்டம் என்று சொல்வோர் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட குந்தவையர் இருப்பதால் எழுந்த ஐயம் இது. கல்வெட்டு எழுதிய முறையே இதற்கு விடை சொல்கிறது. பெரிய கோயிலில் ராஜராஜனின் தமக்கை ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்’ என்று குறிக்கப்படுகிறார். இங்கே மரியாதைச் சொல் ஆழ்வார். அந்தக் காலத்தில் அது பெண்களுக்கும் உரியது. பராந்தகன் என்பது தந்தை சுந்தர சோழரின் பெயர். இரண்டாம் பராந்தகன் என்று வரலாற்று நூல்கள் குறிப்பவர் அவர்தான். பட்டமும் தந்தை பெயரும் தனித்தனியே நிற்க, மிஞ்சுவது குந்தவை. நாம் இன்று பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொள்வதை அவர்கள் முழுதாக எழுதினார்கள், அவ்வளவுதான். உண்மையான பட்டங்கள் எப்படி இருந்தன என்பதும் தெரிந்ததே. ராஜராஜனின் தேவிக்கு வழங்கிய உலகமாதேவி என்பது பட்டம். அவருடைய இயற்பெயர் தந்திசக்தி விடங்கி. செம்பியன் மாதேவி என்றால் சோழனின் பெருந்தேவி என்று பொருள். அத்தனை கோயில்களைக் கற்றளிகளாக்கிய அந்த அம்மையாரைப் பட்டப்பெயரால்தான் நாம் அறிகிறோம். அரசனின் தேவியானதும் ‘மாதேவி’ என்ற பட்டம் வந்து இயற்பெயரை மூடிவிடுகிறது. ராஜராஜனின் தமக்கையோ சோழ அரசனுக்கு மகள், அக்காள். சோழ அரசனுக்குத் தேவியல்லர். வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று கல்வெட்டு சொன்னாலும், அது அவர் பெயரை விழுங்கவில்லை. பட்டத்தரசி ஆகாததனால் பெயர் தப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

இனி, சொல்லின் அமைப்பு. தமிழ்ப் பெண்பெயர்களில் நங்கை, மங்கை, அம்மை, பிராட்டி என்று முடிவன கல்வெட்டுகளில் நிறைய. ‘அவை’ என்று முடிவது அவற்றோடு சேரவில்லை. ஆனால் திருவல்லம் கல்வெட்டில் இதே பெயர் ‘குந்தவ்வையார்’ என்று வகரம் இரட்டித்து வருகிறது. அப்படி எழுதிப் பார்த்தவுடன் முடிச்சு அவிழ்கிறது: குந்த, அவ்வை. அவ்வை என்றால் தாய், மூத்தவள். நமக்கு அது ஔவையாரில் நிற்கிறது. கன்னடத்தில் அவ்வ என்றால் இன்றும் தாய், தெலுங்கில் பாட்டி. கன்னட நாட்டிலோ அந்தச் சொல் பெண்பெயரின் ஈறாகவே தழைத்தது. அவ்வை, அவ்வெ, அப்பெ என்று உருமாறி அது அங்கே பல பெயர்களுக்கு வாலாக நிற்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் பொன்னனின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுத்து வழங்கிய அத்திமப்பெயின் பெயரும் அந்த வார்ப்பில் அமைந்ததே. கவி ரன்னனை ஆதரித்தவர் அவர். குந்தவையும் அத்திமப்பெயும் ஒரே பட்டறையில் வார்த்த பெயர்கள் என்று சொல்வதற்கு இந்த ஈறு ஒன்றே போதும்.

முன்பாதி எது? வடமொழியில் குந்தம் என்பது ஒருவகை மல்லிகை. பல்லின் வெண்மைக்குப் புலவர்கள் சொல்லும் உவமை. குந்தம் என்பதற்கு ஈட்டி என்றும் பொருள் உண்டு. பெண்ணுக்கு இடும் பெயரில் ஈட்டியைவிடப் பூவே பொருந்தும். அது தனித்து நின்ற முன்பாதி என்பதற்கு வேறொரு சான்றும் இருக்கிறது. கங்க அரசன் ஸ்ரீபுருஷன் காலத்தில், 776-ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவரஹள்ளிச் செப்பேடு ஒரு சமணக் கோயிலுக்கு அளித்த கொடையைப் பேசுகிறது. ‘லோகதிலகம்’ என்ற அந்தக் கோயிலைக் கட்டியவர் நிர்க்குந்த நாட்டுத் தலைவர் பரமகூளரின் மனைவி, குந்தாச்சி. தாய்வழியில் பல்லவ உறவுடைய பெண். குந்தவ்வையில் அவ்வை நிற்கும் இடத்தில் குந்தாச்சியில் ஆச்சி நிற்கிறது. இரண்டும் மூத்த பெண்ணைக் குறிக்கும் உறவுச்சொற்கள். ஒரே அடியின் மேல் இருவேறு உறவுச்சொற்கள் மாறி மாறி அமர்ந்தால், அடி தனி, ஈறு தனி என்பது உறுதியாகிறது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் அமோகவர்ஷனின் தேவி குந்தகாதேவியையும் இந்த வரிசையில் சேர்க்கும் ஆசை எழும். அங்கே வரும் ககரம் ‘அக்க’ என்பதன் எச்சமாக இருக்கலாம். வடமொழியின் சிற்றீறாகவும் இருக்கலாம். ஆகவே அதன் மேல் பாரம் ஏற்றாமல் விடுகிறேன்.

குந்தாச்சி கட்டியது சமணக் கோயில். ராஜராஜனின் தமக்கை பெயராலும் போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. ஆகவே இது சமணப் பெயர்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? அந்த முடிவு கவர்ச்சியானது, ஆனால் நிற்காது. திருவல்லத்துக் குந்தவ்வையார் கொடை கொடுத்திருப்பது சிவன் கோயிலுக்கு. ராஜராஜனின் தமக்கை, திண்டிவனத்துப் பக்கத்தில் இன்று தாதாபுரம் என்று வழங்கும் பழைய ராஜராஜபுரத்தில், சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, ஜினருக்கு ஒன்று என்று மூன்று கோயில்கள் எடுத்தார். திருமால் கோயிலுக்குக் குந்தவை விண்ணகர் என்று பெயர். பெயர் ஒரு சமயத்துக்கு உரியதாக இருந்திருந்தால் மற்றச் சமயத்துக் கோயிலுக்கு அதையே சூட்டியிருக்க மாட்டார்கள். சமயம் அல்ல, மணவுறவுதான் இந்தப் பெயரை நாடு விட்டு நாடு கொண்டுபோயிற்று.

திருவல்லத்துக் குந்தவ்வையாரிடம் சற்று நின்று போக வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றங்கரை ஊர் திருவல்லம்; அந்நாளில் வாணர்களின் நாடு. கல்வெட்டு இவரை வாணவித்தியாதர அரசனின் தேவி என்றும், கங்க அரசன் சிவமகாராசரின் மகன் பிரதிபதி அரையரின் மகள் என்றும் சொல்கிறது. காலம் 9-ஆம் நூற்றாண்டு. பிரதிபதி அரையரைக் கங்கன் முதலாம் பிருதிவீபதி என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். திருப்புறம்பியம் போரில் பல்லவன் அபராஜிதனுக்குத் துணையாக வந்து பாண்டியனை எதிர்த்து, அங்கேயே உயிர்விட்டவர் அவர்தான். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைப் படித்தவர்களுக்குத் திருப்புறம்பியத்துப் பள்ளிப்படை மறக்காது. பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் நள்ளிரவில் கூடிச் சதி செய்யும் இடம். அந்தப் பள்ளிப்படைக்குரிய கங்கனின் மகள் பெயர் குந்தவ்வை. கதையின் குந்தவையுடைய குடும்பத்துக்கு எதிராக அங்கே சதி நடப்பதை எண்ணினால், வரலாறு சில நேரம் நாவலாசிரியனை விடக் குறும்புக்காரனாகத் தெரிகிறது. நம் வாதத்துக்கு வேண்டியது இவ்வளவே: சோழர் வீட்டில் இந்தப் பெயர் தோன்றுவதற்கு முன்பே கங்கர் வீட்டிலிருந்து மணமகளோடு வாணர் வீட்டுக்கு அது வந்து சேர்ந்துவிட்டது. மேலைக் கங்க நாட்டில் குந்தாச்சி, அதற்கு நூறாண்டு கழித்துப் பாலாற்றங்கரையில் குந்தவ்வை. பெயர் தெற்கு நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது.

சோழ குடும்பத்தில் நாம் காணும் முதல் குந்தவை பிறந்த பெண் அல்லர், வாழ வந்த பெண். முதலாம் பராந்தகனின் மகன் அரிஞ்சயனின் தேவியர் இருவர், வீமன் குந்தவையாரும் கோதைப் பிராட்டியாரும், கணவன் மறைந்த பிறகு சுந்தர சோழன் காலத்தில் கொடை அளித்திருக்கிறார்கள். பராந்தகன் குந்தவை என்றால் பராந்தகனின் மகள் என்று பார்த்தோம். அந்தக் கணக்கில் வீமன் குந்தவை வீமனின் மகள். சோழர் குடியில் வீமன் என்ற பெயர் இல்லை. வேங்கிச் சாளுக்கியரில் அது வழிவழியாக வரும் பெயர். ஆகவே இவரை வேங்கி இளவரசி என்று கொள்ளும் ஆய்வாளர் கருத்து ஏற்கத்தக்கதே. அரிஞ்சயனின் பெயர்த்தி அடுத்த குந்தவை, ராஜராஜனின் தமக்கை. பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்ற பொருளில் அமைந்தவை. பேரன், பேத்தி என்று பேச்சில் தேய்ந்த பிறகும் வழக்கம் தேயவில்லை. இங்கே ஒரு தடை எழும். சுந்தர சோழனைப் பெற்றவர் கல்யாணி என்ற வைதும்ப குலப் பெண். வீமன் குந்தவையார் மாற்றாந்தாய்தானே, பாட்டி பெயர் விதி எப்படிப் பொருந்தும்? இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி இதுதான், மறைக்க வேண்டியதில்லை. எனினும் அரண்மனையில் பாட்டி என்ற உறவு பெற்ற வயிற்றோடு நிற்பதில்லை. சுந்தர சோழன் ஆளும்போது கொடை கொடுக்கும் நிலையில் உயிரோடிருந்த மூத்த தேவி ஒருவரின் பெயரை அவன் மகளுக்கு இட்டான் என்பதில் வியப்பில்லை. சங்கிலியின் மற்றக் கண்ணிகள் இதைவிட உறுதியானவை.

ராஜராஜன் தன் மகளுக்குத் தமக்கையின் பெயரையே வைத்தான். தமக்கையை அவன் எந்த இடத்தில் வைத்திருந்தான் என்பது பெரிய கோயில் விமானத்தின் கல்வெட்டிலேயே தெரிகிறது: தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடியாக அக்காள் கொடுத்தவற்றைச் சொல்லி, அதற்குப் பிறகே தேவியர் கொடுத்தவற்றையும் மற்றவர் கொடுத்தவற்றையும் வெட்டச் சொல்கிறான். அந்த இளைய குந்தவை வேங்கி மன்னன் விமலாதித்தனுக்கு மணமாகிப் போனாள். வேங்கியிலிருந்து வந்த பெயர், சோழ இளவரசியோடு வேங்கிக்கே திரும்பியது. அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் 1022-இல் முடிசூடினான். தெலுங்கில் நன்னயர் மகாபாரதம் பாடியது இவன் அவையில்தான். தெலுங்கின் ஆதிகாவியத்துக்குப் புரவலனாக இருந்தவன் ஒரு குந்தவையின் பிள்ளை என்பது, இந்தப் பெயரைத் தஞ்சாவூரின் தனிச்சொத்தாக நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. நரேந்திரனின் மகன் 1070-இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனான். அவன் உடன்பிறந்தாள் பெயர் ராஜராஜன் குந்தவை ஆழ்வார். தந்தை ராஜராஜ நரேந்திரன், தந்தையைப் பெற்ற பாட்டி குந்தவை. பெயர்த்தி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டாம். குலோத்துங்கனின் தாய் அம்மங்கைதேவி. அவன் மகள் அம்மங்கை ஆழ்வார். அங்கேயும் அதே விதி. சிதம்பரத்தில் 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் இந்தக் குந்தவையின் பொற்பணி பேசப்படுகிறது; காம்போச மன்னன் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல்லைக் கோயிலில் பதித்த செய்தியும் அதில்தான் வருகிறது. அதற்குப் பின் சோழ அரச குடும்பத்தில் பெயர் சொல்லத்தக்க குந்தவை ஒருவரும் இல்லை. 1279-ஐ ஒட்டிக் குடும்பமே வரலாற்றிலிருந்து நீங்கிவிட்டது.

ஆக, இந்தப் பெயரைத் தாங்கிய வழக்கம் பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவது. கொண்டுசென்ற வண்டி மணவுறவு. அரசியல் மணங்களால் பிணைந்த சில குடும்பங்களுக்குள்ளேயே அது சுழன்றது. குடிமக்களிடம் ஏன் இறங்கவில்லை? அரசர் பெயரைக் குடிகள் இடத் தடை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரிய கோயிலைக் கட்டிய சிற்பி குஞ்சரமல்லனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் கிடைத்தது. ஆடவர் பெயர் பட்டமாக, அரசன் கையால், கீழே இறங்கியது. ராஜராஜன் கோயிற்பணிக்காகத் தளிச்சேரியில் குடியேற்றிய நானூறு பெண்களின் பெயர்களை வீட்டெண்ணோடு பெரிய கோயில் சுவர் சொல்கிறது. எடுத்தபாதம், சேரமங்கை என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆடும் இறைவனின் தூக்கிய திருவடியே ஒரு பெண்ணுக்குப் பெயரானது எத்தனை அழகு. இறைவன், ஊர், அரசன் என்று பெயர் வருவதற்கு அங்கே வாய்க்கால்கள் இருந்தன. அரசனின் அக்காள் பெயர் ஊருக்குள் பாய்வதற்கு அப்படி ஒரு வாய்க்கால் வெட்டப்படவில்லை.

மங்கையர்க்கரசியை இங்கே நினைக்க வேண்டும். அவரும் அரசகுலப் பெண். 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டிமாதேவி. குந்தவையைப் போல இவர் கொடைகள் சுவர் சுவராக வெட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் சம்பந்தர் பாடினார், சுந்தரர் நாயன்மார் வரிசையில் வைத்தார், சேக்கிழார் கதை சொன்னார். கோயிலில் சிலையாக நின்று குருபூசை பெறுகிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பெயரை யாரோ சொல்லியாக வேண்டும். அதனால் மங்கையர்க்கரசி என்ற ஒன்பதெழுத்து நீளப் பெயர் இன்றுவரை வீடுகளில் இருக்கிறது. ஆண்டாளின் பெயரான கோதையும் அப்படியே. குந்தவை கோயிலுக்குக் கொடுத்தவர். கோயில் அவரை வணங்கவில்லை. தந்தையின் படிமத்தை வைத்தவருக்குத் தம் பெயரைப் பக்தியின் வழியில் சேர்க்க யாரும் இல்லாமல் போயிற்று. மீனாட்சி, காமாட்சி, வள்ளி என்று தெய்வப் பெயர்களும் குலதெய்வப் பெயர்களும் தமிழ்ப் பெண்களின் பெயர்களை நிறைத்திருந்த நூற்றாண்டுகளில், தெய்வமாகாத ஒருத்தியின் பெயருக்கு இடம் இல்லை. கல்வெட்டு எல்லோர் கண்முன்னும் இருந்தது உண்மை. ஆனால் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அருகிப்போன பிறகு, சுவரில் இருக்கும் பெயரும் இல்லாத பெயரும் ஒன்றுதான்.

படித்துக் காட்டும் வேலை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்காக அமைந்தது. அதன் முதற்பகுதி 1891-இல் வெளிவந்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் 1949-இல் தமிழில் தொடங்கியது. அறிஞர் அறிந்த பெயர் ஊர் அறிந்த பெயரானது கல்கியால். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாரந்தோறும் இளையபிராட்டி குந்தவை வீடுகளுக்குள் வந்தாள். நாவலில் மதியூகம் அவளிடம்தான் இருக்கிறது. மணியம் வரைந்த கோலத்தில் அந்தப் பெயருக்கு முகமும் கிடைத்தது. பிறகு என்ன நடந்தது? நாவலைப் படித்த பெற்றோர் வானதி என்று வைத்தார்கள், பூங்குழலி என்று வைத்தார்கள், நந்தினி என்றுகூட வைத்தார்கள். நந்தினி அந்தக் கதையில் செய்ததையெல்லாம் மறந்துவிட்டு. நாவலைப் பதிப்பித்த ஒரு நிறுவனத்துக்கே வானதி என்று பெயர். குந்தவை மட்டும் மதிப்போடு புத்தகத்துக்குள் அமர்ந்திருந்தாள்.

ஓசைக் காரணம் இங்கே நுழைகிறது. குந்து என்றால் வடதமிழ்நாட்டுப் பேச்சில் உட்கார். வகுப்பில் குந்தவை என்று ஒரு சிறுமி இருந்தால் மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஆங்கில எழுத்தில் எழுதினால் தகரம் டகரமாகி, அறியாதவர் வாயில் ‘குண்டவை’ ஆகும். அது இன்னும் மோசம். இந்தத் தடையை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆனால் இதே தமிழர்கள்தான் முந்தைய குழந்தைகள் இறந்த வீட்டில் பிறந்த செல்ல மகளைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்று அழைத்தார்கள், மகனுக்குப் பிச்சை என்று பெயரிட்டார்கள். பேச்சி என்றும் இசக்கி என்றும் கூசாமல் கூப்பிட்டார்கள். குப்பையைவிடக் குந்துவது இழிவா? வழக்கம் கட்டளையிட்டபோது காது வாய்மூடி இருந்தது. வழக்கம் இல்லாத இடத்தில்தான் காது நீதிபதியாகிறது. கல்கி காலத்துப் பெற்றோருக்குக் குந்தவை பாட்டி பெயரும் அல்ல, குலதெய்வமும் அல்ல. விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பெயர். விரும்பித் தேர்வு செய்யும்போது ஓசை, பொருள், பள்ளிக்கூடத்துக் கேலி எல்லாம் கணக்கில் வருகின்றன. வானதி என்றால் வானத்துக் கங்கை, பூங்குழலி என்றால் பூச்சூடிய கூந்தலாள். குந்தவை என்றால் என்ன என்று மாமியார் கேட்டால் மருமகளால் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் பொருள் விளங்க வேண்டும் என்ற கட்டாயமும் கூடியிருந்தது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் திராவிட இயக்கமும் பெயரைக் கொள்கையாக்கின. தமிழ்ச்செல்வி, தேன்மொழி, கயல்விழி, மலர்க்கொடி என்று, கேட்டவுடன் இரண்டாகப் பிரிந்து பொருள் தரும் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இடப்பட்டன. குந்தவை அந்த வார்ப்பில் அடங்கவில்லை. வடமொழிப் பெயர் என்று தள்ளவும் முடியாது, தமிழ்ப் பெயர் என்று பொருள் சொல்லவும் முடியாது. அடுத்து வந்த தலைமுறை எண்கணிதமும் நட்சத்திர எழுத்தும் பார்க்கத் தொடங்கியது. நட்சத்திர எழுத்தின்படி ‘கு’ திருவாதிரைக்கு உரியது. ஆனால் எழுத்து கிடைத்தும் பெயர் கிடைக்கவில்லை, ஷகரமும் ஸ்ரீயும் சேர்ந்த புதுப்பெயர்கள் முந்திக்கொண்டன. மணிரத்னத்தின் படங்கள் 2022-லும் 2023-லும் வந்து பெயரைத் திரையரங்குகளில் ஒலிக்கச் செய்தன. அதைக் கேட்டு ஓரிரு வீடுகளில் குந்தவைகள் பிறந்திருப்பார்கள், மகிழ்ச்சியே. அது ஓர் அலை, வழக்கம் அல்ல.

பெயரை வளர்ந்தவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதற்கு வேறு சான்றுகள் உண்டு. தஞ்சாவூரில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று குந்தவை நாச்சியார் பெயரில் நடக்கிறது. ஆழ்வார் என்ற பழைய மரியாதைச் சொல் இன்று பெண்ணுக்குப் பொருந்தாமல் போனதால், நாச்சியார் வந்து ஒட்டிக்கொண்டது போலும். ஈழத்துச் சிறுகதையாசிரியர் ஒருவர் குந்தவை என்ற புனைபெயரில் எழுதினார். ‘யோகம் இருக்கிறது’ அவர் தொகுதி. கல்லூரிக்கும் எழுத்தாளருக்கும் பொருந்துகிற கம்பீரம் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக் கனமாகத் தெரிகிறது என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

அப்படியானால் பெயரைக் கொஞ்சம் மெலிதாக்கி வைத்தால் என்ன என்ற யோசனை வரும். அதையும் கல்கி முன்பே செய்து பார்த்துவிட்டார். பொன்னியின் செல்வனுக்குப் பத்தாண்டுகள் முன் பார்த்திபன் கனவு எழுதியபோது, நரசிம்மவர்மப் பல்லவனின் கற்பனை மகளுக்கு அவர் வைத்த பெயர் குந்தவி. 1960-இல் அது படமானபோது வைஜயந்திமாலா குந்தவியாக நடித்தார். ஐகாரத்தை இகரமாக்கியவுடன் பெயர் தேவி, மாதவி, பைரவி என்ற வரிசையில் இயல்பாகப் போய் நின்றுகொள்கிறது, வாய்க்கும் எளிது. இந்தத் திருத்தத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. குந்த என்ற முன்பாதி மல்லிகையோ வேறெதுவோ, அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். பொருள் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிற பாதி பின்பாதிதான், அவ்வை. அதை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது கணக்குத் தெரியாத வாணிகம். வைக்க விரும்புகிறவர்கள் திருவல்லத்துக் கல்லில் இருக்கிறபடி, வகரத்தை இரட்டித்து, குந்தவ்வை என்றே பிறப்புப் பதிவில் எழுதலாம். மாமியார் கேட்டால் மருமகளுக்குப் பாதிப் பொருளாவது சொல்லத் தெரிந்திருக்கும்.